மின்னல் வேகத்தில் காணாமல் போன கணக்கு

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. புவி இயற்பியல், மூலக்கூறு உயிரியல் என்று உப்பல் சாலை நெடுக அறிவியல்தான். அந்த வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் வலைப்பதிவு எழுதுகிறார். விஷயம் ஒன்றே ஒன்று: குடிநீரில் ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசகர்களைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பற்களில் கறை. மிக அதிகமானால் எலும்பே வளையும்.

படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து நீரைத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறைக்கு எவ்வளவு படிகாரம் வேண்டும் என்று சொல்ல, பக்கத்தில் ஒரு கணக்குப் பெட்டி வைத்திருந்தார்.

2015 அக்டோபரில் கூகுள் 'ஏஎம்பி' திட்டத்தை அறிவித்தது. 2016 பிப்ரவரியில் செல்போன் தேடலில் மின்னல் குறியோடு வேகப் பக்கங்கள் வரத் தொடங்கின. மெதுவான இணைப்பில் படிப்பவர்களுக்கு வரப்பிரசாதம் என்று நினைத்து, அவரும் அதே ஆண்டு அமைத்தார்.

சுலபமான வேலையல்ல. ஒரே கட்டுரைக்கு இரண்டு பக்கங்கள். அசல் பக்கம் 'ஏஎம்பிஎச்டிஎம்எல்' குறிப்பால் நகலைக் காட்ட வேண்டும். நகல் 'கனானிக்கல்' குறிப்பால் அசலைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் உள்ள உறவு தேடுபொறிக்குப் புரியாது. படங்களுக்கு நீள அகலம் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகு கூகுளின் சோதனையில் பிழையே இல்லை. மனிதருக்குப் பெருமிதம்.

மாதம் ஒன்று போனது. ஊரிலிருந்து அக்கா மகன் பேசினான். "மாமா, படிகாரம் எத்தனை கிராம்னு பார்க்கலாம்னா அந்தப் பெட்டியையே காணோமே?"

காரணம் எளிது. ஏஎம்பி பக்கத்தில் அப்போது சொந்த ஜாவாஸ்கிரிப்டுக்கு அனுமதி கிடையாது. நகலைத் தயாரித்த மென்பொருள், சத்தமில்லாமல் பெட்டியைக் கழற்றிவிட்டிருந்தது. பிழை இல்லை என்ற அறிக்கைக்கு அதுதான் விலை. யாருக்காக வேகம் கூட்டினாரோ, அவர்களுக்கு மட்டும் கணக்கு போய்விட்டது.

இரண்டு இரவு உட்கார்ந்து, ஃபுளோரைடு அளவும் காரத்தன்மையும் வைத்து அட்டவணை போட்டார். அதற்கு ஸ்கிரிப்ட் தேவையில்லை.

2021இல் கூகுள், முக்கியச் செய்திகள் வரிசைக்கு ஏஎம்பி கட்டாயம் என்ற நிபந்தனையை நீக்கியது. (இவர் கட்டுரை அந்த வரிசையில் வந்ததே இல்லை என்பது வேறு கதை.) அவரும் நகல்களை நீக்கினார். பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் 301 திசைமாற்றத்தால் அசலுக்கே திருப்பிவிட்டார். தேடி வருபவர் வெற்றுப் பக்கத்தில் நிற்கக்கூடாதே. கணக்குப் பெட்டி திரும்பி வந்துவிட்டது. அட்டவணையை மட்டும் எடுக்கவில்லை. பெட்டிக்கு மேலேயே இருக்கிறது.