காசின் விளிம்பு

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். கையிற் புழங்கும் காசும் நாணயம். மனத்தில் நிலைக்கும் நேர்மையும் நாணயம். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுதற்குரிய செய்தியொன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் காசு வரலாற்றில் உண்டு.

அந்நாட்டில் டாலரின் பத்தில் ஒரு பங்கு ‘டைம்’ எனவும், நான்கில் ஒரு பங்கு ‘குவார்ட்டர்’ எனவும் வழங்கும். 1964ஆம் ஆண்டு பொறித்த காசுகள் வரை, இவையும் அரை டாலரும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் பத்துப் பங்கு செம்பும் கலந்து அடிக்கப்பட்டன. பின்னர்த் தொழில்களின் வெள்ளித் தேவை பெருகிற்று, விலையும் ஏறிற்று. மக்கள் காசுகளைப் பதுக்கலாயினர். சில்லறைக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. ஆகவே, 1965 ஜூலை 23ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன்படி டைமும் குவார்ட்டரும் மூவடுக்குக் காசுகளாயின. நடுவே செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த வெண்ணிறத் தகடு. அரை டாலரில் மட்டும் 1970 வரை நூற்றுக்கு நாற்பது பங்கு வெள்ளி இருந்தது.

உருவம் மாறவில்லை. 1964ஆம் ஆண்டுக் குவார்ட்டரிலும் 1965ஆம் ஆண்டுக் குவார்ட்டரிலும் ஒருபுறம் வாஷிங்டனின் முகம், மறுபுறம் கழுகு. வேறுபாடு உள்ளே இருந்தது.

பாட்டனார் சேர்த்துவைத்த காசுப்பெட்டி பேரர் இருவர் கைக்கு வந்தது எனக் கொள்க. மூத்தவன் எல்லாவற்றையும் எண்ணி, பொறித்த மதிப்புக்கே கடையிற் கொடுக்க முற்படுகிறான். இளையவனோ, பளபளப்பதே வெள்ளி என்று கருதி, பொடியிட்டுத் தேய்க்கத் தொடங்குகிறான். முன்னவன் வெள்ளியின் விலையை இழப்பான். பின்னவன் காசின் இயல்பான மேனியைக் கெடுத்து, சேகரிப்போர் தரும் மதிப்பை இழப்பான். பாட்டனாரின் நெடுநாள் முயற்சி ஒருநாளிற் பாழாகும். அறியாமையும் அவசரமும் அத்துணைக் கேடு தருவன.

அறிந்தவன் செய்வது யாது? முதலில் ஆண்டைப் பார்ப்பான். ஆனால் ஆண்டு ஒன்றே போதாது. 1992 முதல் சேகரிப்போர்க்கெனத் தனியே வெள்ளியில் அடித்து விற்கப்பட்ட காசுகளும் உண்டு. ஆதலின் அடுத்து விளிம்பைப் பார்ப்பான். வெள்ளிக்காசின் விளிம்பு முழுதும் வெண்மையாக இருக்கும்; மூவடுக்குக் காசின் விளிம்பிலோ செம்பின் செந்நிறக் கோடு ஓடும். ஐயம் எஞ்சினால் தராசில் இடுவான். வெள்ளிக் குவார்ட்டர் 6.25 கிராம், மூவடுக்குக் குவார்ட்டர் 5.67 கிராம். தேய்ந்த காசு எடை சிறிது குறையும் என்பதையும் அவன் மறவான். விரல்நுனியில் நிறுத்தி மெல்லச் சுண்டினால், வெள்ளி கணீரென்று நெடிது ஒலிக்கும். மற்றது மந்தமாக ஒலித்து விரைவில் அடங்கும். காந்தம் இரண்டையும் ஈர்ப்பதில்லை. ஆதலின் அது இவற்றைப் பிரித்தறிய உதவாது. அரத்தால் அராவுவதும் அமிலம் இடுவதும் காசைக் காயப்படுத்தும். சோதிக்கப்படும் பொருளைக் கெடுக்காத சோதனையே நற்சோதனை.

இனி ஒன்று சிந்திக்கத்தக்கது. மூவடுக்குக் காசு போலிக் காசு அன்று. அரசே அறிவித்து வெளியிட்டது. கடையில் வெள்ளிக்காசு பெறும் பொருளை அதுவும் பெறும். வெள்ளிக்காசுகள் பெட்டிகளுட் புகுந்து மறைந்தபின், சந்தையில் அன்றாடம் உழைத்தது அதுவே. தன் உள்ளே இருப்பது செம்பு என்பதை அது மறைக்கவும் இல்லை. பார்ப்பார் காண, விளிம்பிலேயே காட்டிநிற்கிறது. முகத்தை மட்டும் பார்த்து அதனை வெள்ளி எனக் கொண்டவன் ஏமாந்தால், பிழை காசினுடையது அன்று. விளிம்பைப் பாராத கண்ணினுடையது.

வெளுத்ததெல்லாம் பால் என்று கொள்ளாதிருத்தல் அறிவு. பால் அல்லாதது எனினும், தன்னை உள்ளவாறு காட்டுவதை இகழாதிருத்தல் பண்பு. இரண்டும் உடையவனே நாணயம் அறிந்தவன்.