கண்டி வீதியில் நிறையும் குவளை

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி சுமார் 115 கிலோமீற்றர் நீளமானது. மத்ரஸா விடுமுறை தோறும் இருபது வருடங்களாக இந்த வீதியில் போய் வருகிறேன். பஸ்ஸில் தூங்கிப் போகிறவர்களுக்கு இது வெறும் மூன்று, மூன்றரை மணித்தியாலப் பிரயாணம். விழித்திருப்பவர்களுக்கோ ஒரு சமையலறைக்குத் தேவையான பாதிப் பொருட்கள் ஓரத்தில் வரிசையாக நிற்கும் நீண்ட சந்தை. இம்முறை அந்தச் சந்தையை ஒரு காரணத்தோடு பார்த்துக்கொண்டு போனேன்.

காரணம் ஒரு துண்டுக் கடிதம். நோன்பு காலத்தில் பெண்களுக்கென நடத்தும் வகுப்பின் முடிவில், திரைக்கு அப்பாலிருந்து கேள்விகளை எழுதிக் கொடுப்பார்கள். சென்ற முறை வந்தவற்றில் ஒன்று இப்படி இருந்தது: “வலீமா விருந்துகளில் பினா கொலாடா என்ற பானம் தருகிறார்கள். அதன் அசல் மதுபானம் என்று மகள் சொல்கிறாள். மது கலக்காததைக் குடிக்கலாமா? அதை வீட்டில் செய்ய முடியுமா?” முதல் பாதிக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது பாதிக்கு வீட்டாரின் உதவியும் கண்டி வீதியின் உதவியும் தேவைப்பட்டன.

அசல் எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ என்ற கரீபியன் தீவில் பிறந்த பானம் இது. ‘பினா கொலாடா’ என்ற ஸ்பானியச் சொற்களுக்கு ‘வடித்த அன்னாசி’ என்பதே பொருள். மதுவுக்கு அந்தப் பெயரில் இடமேயில்லை. 1954ஆம் ஆண்டில் சான் ஹுவான் நகரத்து ஹோட்டலொன்றில் அன்னாசிச் சாற்றோடு கெட்டித் தேங்காய்ப்பாலையும் ரம் என்ற மதுவையும் ஒருவர் கலந்தார் என்பதே பலரும் சொல்லும் வரலாறு. அந்தப் பெருமைக்கு உரிமை கோருவோர் வேறும் சிலர் உண்டு. 1978இல் அதை அத்தீவின் தேசிய பானமாகவே அறிவித்துவிட்டார்கள்.

மதிமயக்கும் பொருள் கலந்தது கூடாது; சிறிது என்றாலும் கூடாது. அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அன்னாசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் அது ஹலாலான உணவு. அதற்குப் பிறர் வைத்த பெயர் பொருளை மாற்றிவிடாது. ஆயினும் மதுவின் பெயரை நம் பிள்ளைகளின் நாவில் ஏன் பழக்க வேண்டும் என்று கேட்கும் தாய்மார்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. நமக்கு ‘அன்னாசிப்பால்’ என்ற பெயர் போதாதா? ஹோட்டலில் பரிமாறும்போது மட்டும் அதே கிண்ணத்தில், அதே கருவியில் மதுவும் கலக்கப்படுகிறதா என்று விசாரித்துக் கொள்வது நல்லது. கேட்பதில் வெட்கமில்லை.

இனி வீதிக்கு வருவோம்.

கடவத்தை, யக்கலை கழிந்து நிட்டம்புவைப் பக்கம் போகும்போது அன்னாசிக் குவியல்கள் கண்ணில் படத் தொடங்கும். கம்பஹா, குருநாகல் மாவட்டங்களின் தென்னந்தோட்டங்களில் மரங்களுக்கிடையே ஊடுபயிராக அன்னாசி நடுகிறார்கள். தென்னையின் அரைநிழல் அதற்கு ஒத்துக்கொள்கிறது. புவேர்ட்டோ ரிக்கோக்காரர் குவளையில் சேர்த்ததை நம்மவர் மண்ணிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அந்தத் தோட்டங்களைக் காணும்போது தோன்றும்.

இன்னொரு விந்தை. அன்னாசி நம் நாட்டுக்கு உரியதன்று. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயரின் கப்பல்களில் கீழைத்தேயம் வந்தது. தென்னையோ புவேர்ட்டோ ரிக்கோவுக்கு உரியதன்று. நமது இந்து சமுத்திரக் கரைகளிலிருந்து அதே போர்த்துக்கேயரின் கைகளால் 16ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் பக்கம் போனது. அவர்களுடைய பழம் நமக்கும் நம்முடைய காய் அவர்களுக்குமாக மாறிப் போயிருக்கிறது. அரபியில் தேங்காய்க்கு ‘நார்ஜீல்’ என்றும் ‘ஜவ்ஸுல் ஹிந்த்’, அதாவது இந்தியக் கொட்டை என்றும் பெயர். 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, இன்றைய ஓமானிலுள்ள ழுஃபார் பற்றி எழுதும்போது தேங்காய்ப்பால் எடுக்கும் முறையை விவரிக்கிறார். நாற்காலி போன்ற ஒரு பலகை. அதன் முனையில் இரும்பு. ஒருவர் அதன்மேல் அமர்ந்து தேங்காயைத் துருவுகிறார். துருவலைத் தண்ணீரில் ஊறவைத்தால் நிறத்திலும் ருசியிலும் பால்போல் ஆகிறது என்கிறார். மாணவர்களுக்கு அந்தப் பகுதியைச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு பையன், “ஹஸரத், இது எங்கட வீட்டுத் துருவலைதானே?” என்றான். வேறென்ன?

அன்னாசி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செடியிலிருந்து வெட்டிய பின் அன்னாசியின் நிறம் மாறும், மென்மையாகும். ஆனால் இனிப்பு ஏறாது. எனவே வீட்டில் வைத்தால் இனிக்கும் என்று காயாக வாங்குவதில் பயனில்லை. அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்து, மணம் வந்தால் வாங்கலாம். புளித்த வாடை வந்தால் விட்டுவிடலாம்.

பஸ்யாலையை அண்டிய கஜுகம என்ற இடத்தில் பெண்கள் வரிசையாகக் கடை விரித்து கஜு விற்கிறார்கள். ஊரின் பெயரே அந்த வியாபாரத்தால் வந்தது. வறுத்ததைவிடப் பச்சைக் கஜுவே நமக்குத் தேவை. உடைந்த கஜு விலை குறைவு. அரைக்கப் போகும் பொருளுக்கு முழுக் கஜு எதற்கு? வரக்காப்பொலையில் எள்ளுருண்டை, இறங்கினால் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம். கேகாலைப் பக்கம் கித்துள் பாணியும் கருப்பட்டியும் கிடைக்கும். பாணி என்ற பெயரில் சீனிப்பாகும் விற்பனையாவதால், தெரிந்த இடத்தில் வாங்குவதே உத்தமம்.

பிறகு மாவனல்லை. மா ஓயாவின் குறுக்கே பிரித்தானியர் காலத்துச் செங்கல் பாலம். அப்பால் சரதியேல் ஒளிந்திருந்த உத்துவன்கந்தை. அவனோடு 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டவர் மம்மலே மரைக்கார் என்ற நம்மவர். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு. நான் இறங்கியது பட்டர் புரூட்டுக்காக.

தமிழ்ப் புத்தகங்களில் ஆனைக்கொய்யா; நம் வீடுகளில் பட்டர் புரூட்; சிங்களத்தில் ‘அலிகெட்ட பேர’. ஆங்கிலேயர் முதலையின் பெயரை வைத்து ‘அலிகேட்டர் பெயார்’ என்றதுதான் இப்படித் திரிந்து வந்திருக்கிறது. காய்க்கும் காலத்தில் இந்தப் பகுதிகளில் வீதியோரம் மலைபோல் குவிந்திருக்கும். பழக்கடையில் நின்ற சிங்களத் தாயொருவரிடம், “அம்மே, நல்லதாக மூன்று” என்றேன். “எப்போது சாப்பிட, மவ்லவி மாத்தயா?” என்று கேட்டார். நாளைக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என்றேன். அழுத்திப் பார்க்காமல், உள்ளங்கையில் வைத்தே மூன்றைப் பொறுக்கித் தந்தார். மூன்றும் அவர் சொன்ன நாளில்தான் பழுத்தன.

அன்னாசிக்கு நேர்மாறானது இந்தப் பழம். மரத்தில் இருக்கும்வரை பழுக்காது; பறித்த பின்னரே பழுக்கும். அவசரமென்றால் கடதாசியில் சுற்றி வாழைப்பழத்தோடு வைக்கலாம். அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைக்கும் நம் உம்மாமாரின் வழக்கமும் அதே வேலையைச் செய்கிறது.

ஏன் இதையும் சேர்க்கிறேன்? 2022ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். டின்பால் எட்டாத பொருளாயிற்று. சரி, தேங்காய்ப்பால் இருக்கிறதே என்று தேறியிருந்தால், 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்களில் குடும்பத்துக்கு ஒரு குவளை நல்ல பானம் கொடுக்க, கொழுப்பும் மென்மையும் தன்னகத்தே உள்ள பழம் ஒன்று வீட்டுப் பின்வளவில் காய்த்து, விழுந்து, அழுகுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. அதே வீட்டில் விருந்தாளிக்கு நிறம் போட்ட போத்தல் பானம் வாங்கி வருகிறார்கள்! பட்டர் புரூட் சேர்த்தால் முழுத் தேங்காய் வேண்டியதில்லை, பாதி போதும். டின்பால் அறவே வேண்டாம்.

வீட்டார் நான்கைந்து முறை செய்து பார்த்து ஒப்புக்கொண்ட முறை இது. நான்கு பேருக்கு அளவு. நடுத்தர அன்னாசியில் பாதியைக் கண் நீக்கி, நடுத்தண்டையும் நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டினால் இரண்டு கோப்பை வரும். அதை ஒரு மேசைக்கரண்டி சீனியோடு, தண்ணீர் ஊற்றாமல், ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். இந்தக் கொதி முக்கியமானது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதியம் உண்டு. பசுப்பாலோடு சேர்த்து வைத்தால் சற்று நேரத்தில் கசப்பதும் திரிவதும் அதனால்தான். பப்பாசியும் அப்படியே. கொதிக்க வைத்தால் அந்த நொதியம் அழிந்துவிடும். தேங்காய்ப்பாலில் புரதம் குறைவென்பதால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது. என்றாலும் நோன்பு திறக்க அரைமணி முன்னதாகச் செய்து வைக்கிறவர்கள் கொதிக்க வைப்பதே பாதுகாப்பு. ஆறிய துண்டுகளை ஐஸ் பெட்டியில் உறைய வைத்தால் ஐஸ்கட்டி போடத் தேவையில்லை. ஐஸ்கட்டி உருகிப் பானத்தை நீர்க்கச் செய்யும். உறைந்த அன்னாசியோ அதைக் கெட்டியாக்கும்.

அரைத் தேங்காயைத் துருவி, கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீர் முக்கால் கோப்பை விட்டுப் பிழிந்து முதற்பால் மட்டும் எடுங்கள். பத்துப் பன்னிரண்டு உடைந்த கஜுவை ஒரு மணிநேரம் ஊறவைத்து அந்தப் பாலோடு மையாக அரையுங்கள். பின்னர் உறைந்த அன்னாசி, கித்துள் பாணி மூன்று மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பைத் தவறவிட வேண்டாம். தேங்காய்ப்பாலின் ருசி அதில்தான் எழும்பும். நார் பிடிக்காதவர்கள் வடித்துக்கொள்ளலாம்; பெயரே வடித்த அன்னாசிதானே!

பட்டர் புரூட்டைத் தனியாக மசிக்க வேண்டும். ஒரு பழத்தின் சதை, அரைத் தேசிக்காயின் சாறு, இரண்டு மேசைக்கரண்டி பாணி. காற்றுப்பட்டுக் கறுப்பதைத் தேசிப்புளி தாமதப்படுத்தும். இதை ஒருபோதும் அடுப்பில் வைக்கக் கூடாது. சூடு பட்டால் கசந்துவிடும். பிளெண்டர் இல்லாத வீடுகளில் முள்ளுக்கரண்டியாலேயே மசிக்கலாம், அன்னாசியை உரலில் இடித்துப் பிழியலாம். குவளையின் அடியில் பச்சை மசியல், அதன்மேல் வெண்மஞ்சள் அன்னாசிப்பால், மேலே இரண்டு கஜு. பிள்ளைகள் கரண்டியால் கிளறும்போது அந்த இரு நிறமும் கலப்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் கித்துள் பாணியும் இனிப்புத்தான் என்பதை நினைவில் வைத்து, பாணியை விட்டுவிட்டு பட்டர் புரூட்டும் தேங்காய்ப்பாலும் மட்டும் சிறு குவளையில் எடுக்கட்டும்.

செய்ததை அன்றே குடித்து முடியுங்கள். பேரீச்சம் பழத்தை நீரில் ஊறவைத்த நபீத் என்ற பானம் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வழக்கத்தில் இருந்தது. காலையில் ஊறவைத்ததை மாலையிலும், மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் அருந்தினார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் வாயிலாக வந்திருக்கிறது. நம் நாட்டுச் சூட்டில் அன்னாசிச் சாறு வெளியே இருந்தால் மறுநாளே நுரைக்கத் தொடங்கும். நுரைத்ததை, “பரவாயில்லை, சீனி போட்டால் சரி” என்று பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடவத்தையிலிருந்து வரும் பகுதியும் கண்டிக்கான கிளையும் முடிந்தால் பிரயாணம் சுருங்கும். நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் அது பெரும் நன்மை. ஆனால் அதிவேகப் பாதையில் யாரும் பஸ்ஸை நிறுத்தி, “எப்போது சாப்பிட?” என்று கேட்க மாட்டார்கள். கஜுகமவின் பெண்களும் மாவனல்லையின் அந்தத் தாயும் வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பிழைப்பவர்கள். சொந்த வாகனம் உள்ளவர்கள் போகும்போது வேகப் பாதையில் போனாலும் வரும்போது பழைய வீதியால் வரலாமே. அவர்களிடம் பேரம் பேசுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கொதிக்க வைக்காத மிச்ச அன்னாசிப் பாதியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜெலட்டினோடு சேர்த்தால் அது இறுகாது. அதே நொதியம் ஜெலட்டினைச் சிதைத்துவிடும். ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்ற சந்தேகமும் நமக்கு உண்டு. நம் நோன்புக் கடற்பாசிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கடற்பாசியைக் காய்ச்சி, சற்று ஆறியதும் பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டுத் தட்டில் ஊற்றினால் ஐஸ் பெட்டி இல்லாமலே இறுகிவிடும்.