இரண்டாவது தோட்டா

புதிய வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் சுடுதளத்தில் பரீட்சிப்பது என்றால், 100 மீட்டருக்கு அப்பால் மாட்டிய காகிதத்தில் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று அளந்து பார்ப்பதுதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கையால் பூட்டைத் திறந்து மூடிச் சுடும் பழைய முறைத் துப்பாக்கிக்கு அந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும். ஆனால், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கியைப் பொறுத்தவரை காகிதம் கூறும் சாட்சியம் பாதிதான். மற்றப் பாதி, சுடுபவனின் வலப்புறத் தரையில் கிடக்கும் பித்தளைக் கூடுகளில் இருக்கிறது.

ஜெர்மனியில் வேட்டை உரிமம் பெற்று, ஒரு வேட்டைக் கழகத்தின் சுடுதளத்தில் இத்தகைய துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துக் குறிப்பு எழுதும் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நம் வாசகர்களுக்கு வேட்டை என்ற சொல்லே சற்றுக் கசப்பாக இருக்கக்கூடும். அந்தக் கசப்பை நான் மதிக்கிறேன். ஆனால், ஓநாயும் கரடியும் நூற்றாண்டுகளுக்கு முன்பே அருகிப்போன ஜெர்மனியின் காடுகளில் காட்டுப் பன்றிகள் பெருகிச் சோள வயல்களையும் புல்வெளிகளையும் உழுது நாசம் செய்வதும், 2020-ம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிராண்டன்பர்க் மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும், சில ஆண்டுகளில் ஓராண்டிலேயே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் ஜெர்மனி முழுவதிலும் சுடப்படுவதும் நடைமுறை உண்மைகள். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும், ஆட்களும் நாய்களும் மெல்லப் புதர்களைக் கலைக்க, ஆங்காங்கே நிற்கும் வேட்டைக்காரர்கள் நகர்ந்து வரும் பன்றிகளைச் சுடுகிறார்கள். அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு உரிய இடம் இதுவே. முதல் குண்டு பிராணியை உடனே வீழ்த்தாமல் காயப்படுத்தி மட்டும் விட்டால், கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமல் அதன் வேதனையை அப்போதே முடித்துவைப்பதற்காகத்தான் இரண்டாவது தோட்டா இருக்கிறது. ஆகையால் அது சிக்காமல் அறைக்குள் வந்து சேருமா என்ற கேள்வியை வெறும் யந்திர நுட்பத்தைப் பற்றிய கேள்வியாக என்னால் கருத முடிவதில்லை. நான் செய்யும் பரீட்சை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, ரெமிங்டன் நிறுவனம் 1906-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த துப்பாக்கியில், குழலும் பூட்டும் ஒன்றாகப் பிணைந்தபடியே பின்னோக்கி ஓடி, பிறகு பிரிந்து தோட்டாவை மாற்றின. அவருடைய பேரன் புரூஸ் பிரௌனிங்கின் வடிவமைப்பில் உருவாகி, 1967-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையிலிருந்து வெளிவந்த துப்பாக்கியோ வேறு வழியில் சென்றது. குண்டு குழலுக்குள் ஓடும்போதே, அதன் பின்னால் தள்ளிக்கொண்டு வரும் வாயுவில் சிறு பங்கை ஒரு துவாரத்தின் வழியே எடுத்து, அந்த அழுத்தத்தால் ஓர் உந்துதண்டைப் பின்னே செலுத்தி, பூட்டின் தலையைத் திருப்பித் திறக்கும் முறை அது. இன்று வேட்டைக்கென்று செய்யப்படும் அரைத் தானியங்கிகள் பலவும் ஏதோ ஒரு வகையில் இந்த வாயு முறையையே பின்பற்றுகின்றன. இப்போது என் கைக்கு வந்திருப்பதும் அந்த வகையே, .30-06 தோட்டாவுக்கு உரியது. 11.7 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் புறப்படும் அந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தத்துக்கு 4,050 பார் என்று ஐரோப்பிய விதி வரம்பு கட்டியிருக்கிறது. குண்டு குழலைக் கடந்து செல்லும் ஆயிரத்தில் ஒரு விநாடியளவான அவகாசத்தில் அழுத்தம் ஏறி இறங்க, அது போதிய அளவு தணிந்த பிறகே பூட்டு திறக்க வேண்டும். அந்தக் கால ஒழுங்கு சற்றே பிசகினாலும் கூடுகள் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சுடுவதற்கு முன் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அரசாங்கப் பரிசோதனைச் சாலையில், விதித்த உச்சத்தைவிட 25 சதவிகிதம் கூடுதலான அழுத்தத்தில் சுடப்பட்டுத் தேறியதற்கான முத்திரை குழலிலும் பூட்டிலும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்க ஆலையில் பூசிய கெட்டி மசகைத் துடைத்தெடுக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகச் சோதிப்பது என் வழக்கம். காட்டில் பன்றி காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் வேளையில், ஓசை எழாமல் தோட்டாவை ஏற்றவேண்டும் என்ற ஆசையால் வேட்டைக்காரன் பூட்டைக் கையோடு பிடித்தபடி, தூங்கும் குழந்தை இருக்கும் அறையின் கதவைச் சாத்துவதுபோல், மெல்ல முன்னே விடுவான். சுருள்வில்லின் முழு வேகம் கிடைக்காததால் பூட்டின் தலை முற்றிலும் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் நின்றுவிட்டால், விசையை இழுக்கும் கணத்தில் துப்பாக்கி மௌனமாக இருந்துவிடும். ஆகவே வெற்றுப் போலித் தோட்டாக்களைக் கொண்டு, மெல்ல விட்ட பூட்டைக் கட்டைவிரலால் அழுத்தி முழுதும் அடைக்க முடிகிறதா என்று பலமுறை பார்க்கிறேன். விலைப் பட்டியலில் எங்கும் காணப்படாத இந்தக் குணத்தை, வாங்க விரும்புவோர் கடையிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காகிதத்தின் சாட்சியத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேட்டையில் முதல் குண்டு எப்பொழுதுமே குளிர்ந்த குழலிலிருந்துதான் புறப்படுகிறது. மொத்தம் 3 தோட்டாக்களுக்கு மேல் நிரப்பிய அரைத் தானியங்கியால் பிராணிகளைச் சுடலாகாது என்று ஜெர்மானிய வேட்டைச் சட்டமும் விதிக்கிறது. அப்படியிருக்க, குழல் கைபட முடியாதபடி சூடேறும்வரை பத்துப் பத்தாகச் சுட்டு அந்தக் கூட்டத்தின் அகலத்தைப் பெருமையாக எழுதுவதில் எனக்கு நாட்டமில்லை. குளிர்ந்த குழலில் ஒன்று, உடனே தொடர்ந்து இரண்டு. பிறகு குழல் ஆறும்வரை காத்திருப்பு. மீண்டும் அதே வரிசை. காத்திருக்கும் பொறுமைதான் இந்தப் பரீட்சையின் பெரும்பகுதி. குளிர்ந்த குண்டுகள் எல்லாம் ஒரே ஸ்தானத்தில் விழுகின்றனவா, சூடேறிய மூன்றாவது எந்தப் பக்கம் விலகுகிறது என்பவற்றைத் தனித்தனி நிற மசியால் குறித்துக்கொள்கிறேன். வாயு உருளையையும் உந்துதண்டையும் தன்மேல் சுமந்திருக்கும் குழல், தனித்து மிதக்கும் குழலைப்போல் அதிராது. ஆயினும் பன்றியின் உயிர்நிலை உறுப்புகள் இருக்கும் பகுதி ஏறத்தாழ ஒரு சாண் அகலம். 100 மீட்டரில் மூன்றும் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் அந்த வேலைக்கு அது போதும் என்றே கருதுகிறேன்.

இனி கூடுகள். சுட்டவுடன் அவற்றைப் பொறுக்கி ஒரு வாளியில் கொட்டிவிடும் பழக்கம் பல தளங்களில் உண்டு. நான் அவை விழுந்த இடத்தைப் பார்த்த பிறகே குனிகிறேன். எல்லாம் ஒரே பகுதியில் விழுந்துகொண்டிருக்க, திடீரென்று சில காலடியிலேயே சோர்ந்து விழுமானால் வாயுவின் பங்கு குறைந்திருக்கிறது என்று அறியலாம். கூட்டின் விளிம்பில் இழுப்புக் கொக்கி ஆழமாகக் கடித்த தழும்பு இருக்குமானால், கூடு இன்னும் அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும்போதே பூட்டு அவசரப்பட்டுத் திறந்திருக்கிறது என்று பொருள். 9.7, 10.7, 11.7 கிராம் எடையுள்ள குண்டுகளை மாற்றி மாற்றிச் சுடுவதும் இதற்காகவே. முன்பொரு முறை நான் பரீட்சித்த ஒரு துப்பாக்கி கனத்த குண்டுகளோடு குற்றமின்றி இயங்கியது. இலேசான குண்டுகளில் ஒரு வகையைச் சுட்டபோதோ கூடு பாதி வெளிவந்து வாயிலிலேயே சிக்கிக்கொண்டது. அந்தக் கூட்டின் நடுவே பதிந்திருந்த நசுங்கலைத் தவிர வேறெதுவும் அதன் காரணத்தை எனக்குச் சொல்லியிருக்க முடியாது. காகிதத்தில் அன்றைய துளைகள் அழகாகவே இருந்தன.

இறுதியாக, தண்டவாளத்தில் ஓடும் பன்றி உருவத்தை 50 மீட்டர் தூரத்தில் நின்றபடி சுடுகிறேன். வாயு முறையில் பின்னுதைப்பின் ஒரு பகுதி யந்திரத்தின் ஓட்டத்தில் பரவிவிடுவதால் தோளில் விழும் அடி மென்மையாகிறது. குழல் முனை குறியை விட்டு அதிகம் எழும்பாது. இது பெரிய நன்மை. இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டாவது குண்டு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அறிந்த விரல், முதல் குண்டுக்குரிய சிரத்தையைக் குறைத்துக்கொள்கிறது. எங்கள் தளத்துக்கு வரும் முதிய வேட்டைக்காரர்கள் சிலர் இந்த ஒரு காரணத்துக்காகவே அரைத் தானியங்கியைத் தொட மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு என்றாலும், அந்தக் குறையைத் துப்பாக்கியின் தலையில் சுமத்துவதை நான் ஏற்பதில்லை. ஓடும் உருவத்தின்மேல் முதலில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் நிரப்பிப் பல சுற்றுகள் சுட்டுப் பழகிய பிறகே மூன்றை நிரப்புமாறு, புதிதாக வருவோரிடம் நான் வற்புறுத்துகிறேன். சுடுவோரிடம் அதனால் நேரும் மாற்றத்தைக் காகிதத்திலேயே பார்க்கலாம்.

இப்போதைய துப்பாக்கி, எடுத்துக்கொண்ட எல்லாத் தோட்டாக்களோடும் சிக்கலின்றி இயங்கியது. சூடேறிய மூன்றாவது குண்டு சற்று வலப்புறம் ஏறியது, ஆனால் எல்லைக்குள்ளேயே. விசை நான் விரும்புவதைவிடக் கனமாக இருக்கிறது. அரைத் தானியங்கிகளில் பாதுகாப்பின் பொருட்டு அது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. உந்துதண்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டியபோது படிவு மிதமாகவே இருந்தது. உறைபனிக்குக் கீழான குளிரில் அதே எண்ணெயோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே என் குறிப்பின் கடைசிப் பத்தியை ஜனவரி வரை எழுதாமல் வைத்திருக்கிறேன்.