முதுகு தரிசனம்!

கடலூர்க்காரனுக்குக் கடல் என்ன புதுசா? தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சுண்டல் கொறித்துக்கொண்டே பி.காம். முடித்தவன் நான். ஆனாலும் செம்மண்டலத்து நண்பன் ஒருவன், 'திமிங்கலம் பார்க்கலாம் வாடா' என்று கிளப்ப, இலங்கையின் தென்கோடியில் இருக்கும் மிரிஸ்ஸ வரை போனோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே நீலத் திமிங்கல சீஸன்.

காலை 6.30-க்குப் படகு. 7.30-க்கெல்லாம் நண்பன், ராத்திரி சாப்பிட்ட கொத்து ரொட்டியை இந்து மகா சமுத்திரத்துக்குத் தாரை வார்த்துவிட்டான்.

திடீரென்று 'புஸ்'ஸென ஒரு நீர்ப்புகை. பின்னாலேயே ஒரு முதுகு... போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது! இரண்டு டவுன் பஸ்ஸை ஒட்டி நிறுத்திய நீளம். லோன் கேட்டு வந்தவனைக் கண்ட பேங்க் மேனேஜர் மாதிரி, முகத்தை மட்டும் காட்டவே இல்லை.

அதற்குள் ஏழெட்டுப் படகுகள் சூழ்ந்துவிட்டன. 100 மீட்டர் தள்ளி நிற்கணும் என்று சட்டம். யார் டேப் வைத்து அளக்கிறார்கள்?

தூரத்தில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போயின. உலகத்திலேயே நெரிசலான கடல் பாதைகளில் அது ஒன்று. திமிங்கலம் இரை தேடுவதும் அங்கேயேதான். கப்பல் மோதிச் செத்தவை உண்டு. 2022-ல் எம்.எஸ்.சி. கம்பெனி தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது. கூடுதல் தூரம், கூடுதல் எண்ணெய். பற்று வரவு பார்க்கும் என் பி.காம். மூளைக்கு அது ஆச்சரியம்தான்.

'இன்னும் கிட்டப் போகட்டுமா?' என்று படகுக்காரர் சைகையில் கேட்டார். எல்லோரும் கேமராவைத் தூக்கினோம். துவண்டு கிடந்த நண்பன்தான் தலையை நிமிர்த்தினான்.

"வேணாம்னு சொல்லுடா. பாவம், அது மூச்சு விடத்தானே மேலே வருது!"