பீப்பாய்

ஒயின் ருசி பார்ப்பதற்காக நான் கடல் கடந்து போய்வந்தேன் என்றால், என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் பொறாமைப்படுவார்கள். இரண்டுக்கும் நான் அருகதை உள்ளவன் அல்ல. என் தம்பி போர்ச்சுகல் தேசத்தில் போர்ட்டோ என்ற ஊரில் உத்தியோகம் பார்க்கிறான். அவனைப் பார்க்கத்தான் சென்ற செப்டம்பரில் அம்மா, மனைவி, மகள் சகிதம் போனேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவனுக்கு விடுமுறை. "ஒரு நாள் கடல், ஒரு நாள் ஒயின், ஒரு நாள் ஓய்வு" என்று ஒரு சீட்டில் எழுதி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். அம்மா பார்ப்பதற்குள் அதைக் கிழித்துவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. அதற்குள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பவள்போல நிதானமாகப் படித்து முடித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அது பேசப்படாத சமாசாரம். அப்பா நாகப்பட்டினத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். மாலை ஆறு மணி வரையில் அவரைப் போன்ற சாதுவை நாகப்பட்டினத்தில் தேடிப் பிடிக்க முடியாது. 1981-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்ந்தபோது எனக்கு இரண்டு வயது. ஆகவே, ஆறு மணிக்கு மேற்பட்ட அப்பாவைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். 1992-இல் அவர் போய்விட்டார். எனக்குப் பதின்மூன்று, தம்பிக்கு நாலு, அம்மாவுக்கு முப்பத்திரண்டு. காரியமெல்லாம் முடிந்த இரவு அம்மா என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். கிணற்றடியில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழைய தகரப் பீப்பாய் ஒன்று இருந்தது. அதன் பின்னாலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தாள். ஒன்றில் கால்வாசி பாக்கி இருந்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, "தொடமாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா ஏதோ காய்ச்சலில் போனதாகத்தான் பள்ளிக்கூடம் முடிகிற வரையில் நினைத்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் கடல். போர்ட்டோவுக்குத் தெற்கே மிராமார் என்ற கடற்கரையில், மணலுக்கும் அலைக்கும் நடுவே ஒரு பாறை. அதன்மேல் ஆறு பட்டையாக ஒரு சின்ன மாதா கோவில் மாதிரி நிற்கிறது. 'கல்லின் ஆண்டவர்' கோவில் என்று பெயர். விசேஷம் என்னவென்றால், அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. "வேளாங்கண்ணியிலே இப்படி முதுகைக் காட்டச் சொல்லு பார்ப்போம்" என்றாள் அம்மா. புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் நேர்ந்துகொண்டு கட்டியது வேளாங்கண்ணிக் கோவில் என்ற ஐதிகத்தை எங்கள் பக்கத்தில் குழந்தைகூடச் சொல்லும். அம்மாவுக்கு உடனே சொந்த ஊருக்கு வந்துவிட்ட தோரணை வந்துவிட்டது. புடவையைக் கொசுவி இடுப்பில் செருகிக்கொண்டு கடலில் கால் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். அட்லாண்டிக் சமுத்திரம் அங்கே கோடையிலும் பனிக்கட்டி கரைத்த மாதிரி இருக்கும். "இது கடலா, பானைத் தண்ணியா?" என்றாள்.

மத்தியானம் மத்தோசின்யுஷ் என்ற துறைமுகப் பேட்டையில் சாப்பாடு. தெருவோரத்தில் கரி அடுப்பு மூட்டி, உப்பு மட்டும் தூவி, முழு மத்தி மீனைச் சுட்டுத் தருகிறார்கள். அம்மா நாலு மீனைச் சாப்பிட்டுவிட்டு, "மீனு நல்ல மீனுதான். பாவம், மசாலா தெரியலே" என்று தீர்ப்புச் சொன்னாள். ருசிகரமான விஷயம் அதற்கப்புறம்தான். பரிமாறின கிழவர் எங்களை ஜன்னலோரத்து மேஜைக்கு மாற்றி உட்காரவைத்தபோது 'ஜனேலா' என்றார், 'மேஸா' என்றார். அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "என்னடா, தமிழ் பேசறாரு!" ஜன்னல், மேஜை, சாவி, அலமாரி, வராந்தா, ஏலம், துவாலை எல்லாம் அவர்கள் நம் கரையில் போட்டுவிட்டுப் போன சாமான்கள் என்று தம்பி விளக்கினான். நாகப்பட்டினத்தை 1658-இல் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். கோட்டை போயிற்று, வார்த்தைகள் தங்கிவிட்டன. அன்று சாயங்காலம் முழுவதும் அம்மா தம்பி வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் தொட்டு, "இதுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒயின். "அம்மாவும் நானும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறோம், நீங்கள் போய் வாருங்கள்" என்றேன். "ஏன், நான் என்ன பாவம் பண்ணினேன்? நானும் பார்க்கிறேன்" என்றாள் அம்மா. தம்பி சந்தோஷப்பட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டோரோ நதியின் வடகரையில் போர்ட்டோ, தென்கரையில் கையா. நடுவே 1886-இல் கட்டிய இரட்டைத் தட்டு இரும்புப் பாலம். ஐஃபலின் பழைய கூட்டாளி ஸேரிக் என்பவருடைய வேலை. கையாவின் சரிவு முழுவதும் கிடங்குகள். திராட்சை விளைவது உள்நாட்டில், ஆற்றின் மேல்பக்கத்து மலைப் படிக்கட்டுகளில். அந்த வட்டாரத்துக்கு 1756-இலேயே மார்க்வெஸ் பொம்பால் என்ற மந்திரி எல்லைக்கல் நட்டுவிட்டார். பழுக்கவைப்பது மட்டும் கடற்காற்று வீசும் கையாவில். அந்தக் காலத்தில் படகுகளில் சரக்கு இறங்கி வந்தது. இப்போது அந்தப் படகுகள் கரையில் அழகுக்காகக் கட்டிக்கிடக்கின்றன.

கிடங்குக்குள் நுழைந்ததும் ஈர மரமும் பழைய வெல்லமும் கலந்தாற்போல ஒரு மணம். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மூக்கைச் சுருக்கினாள், அவ்வளவுதான். சுற்றிக் காட்டின பெண் கையை நீட்டி 'பீப்பா' என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஒரு பீப்பாய் 550 லிட்டர் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். திராட்சைச் சாறு தானாகப் பொங்கி, சர்க்கரையெல்லாம் சாராயமாக மாறிக்கொண்டிருக்கும்போதே, பாதியில் 435 லிட்டருக்கு 115 லிட்டர் வீதம் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றிவிடுகிறார்கள். பொங்குவது நின்றுவிடுகிறது, மிச்சச் சர்க்கரை இனிப்பாகத் தங்கிவிடுகிறது. அப்புறம் பத்து வருஷம், இருபது வருஷம், நாற்பது வருஷம் மரத்துக்குள் கிடக்கிறது.

"நாப்பது வருஷமா? போட்டு வைச்சவன் குடிக்கமாட்டானா?" என்று அம்மா கேட்டாள். தம்பி மொழிபெயர்த்தான். "பெரும்பாலும் மாட்டான். அவன் பிள்ளையோ பேரனோ குடிப்பான்" என்றாள் அந்தப் பெண். அம்மா அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பீப்பாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு ராத்திரி வைக்கமுடியலே" என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

பிறகு அந்தப் பெண் டோனா அன்டோனியா ஃபெரைரா என்ற அம்மாளின் கதையைச் சொன்னாள். 1811-இல் பிறந்தவள். 1844-இல், முப்பத்துமூன்றாவது வயதில், புருஷன் போய்விட்டான். ஒரு பையன், ஒரு பெண். திராட்சைத் தோட்டங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பூச்சி விழுந்து மலையே காய்ந்த காலத்திலும் விடாமல் நட்டாள், வாங்கினாள். 1861-இல் ஆற்றுச் சுழலில் படகு கவிழ்ந்தது. கூட இருந்த ஃபாரெஸ்டர் என்ற வெள்ளைக்கார வியாபாரி முழுகிப்போனார். அவளை அவளுடைய குடைப் பாவாடையே மிதக்கவைத்துக் காப்பாற்றியது என்று அங்கே சொல்கிறார்கள். எண்பத்துநாலு வயது வரையில் இருந்தாளாம்.

"முப்பத்துமூணா?" என்றாள் அம்மா. "எனக்கு ஒண்ணு கம்மி." அப்பளம் இட்டும், தைத்தும், வளையலை விற்றும் எங்களைப் படிக்கவைத்தவள் அதற்குமேல் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு நீள மேஜை. ஆளுக்கு மூன்று சின்னக் கிளாஸ். என் மனைவி முகர்ந்துவிட்டு வைத்தாள். மகள் பத்தொன்பது வயதுக்கு உரிய தைரியத்துடன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பாயி, இருமல் மருந்து!" என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா இருபது வருஷத்துக் கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், தேன் நிறம். மூக்கருகே கொண்டுபோனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த நாத்தம் இல்லேடா" என்றாள். அப்புறம் அதை என் பக்கம் நகர்த்தினாள். "நான் சத்தியம் வாங்கினது பதிமூணு வயசுப் பையன்கிட்டே. நீ எதுக்கு அவன் பயத்தை இன்னும் சுமக்கிறே? வேணும்னா பாரு, வேண்டாம்னா விடு."

எடுத்தேன். ஒரு வாய். உலர்ந்த திராட்சையும் வறுத்த கொட்டையும் கருகின சர்க்கரையும் கலந்த ஒரு இனிப்பு நெஞ்சுக்குள் சூடாக இறங்கிற்று. நன்றாக இருந்தது. இன்னொரு வாய்க்கு ஆசையாகவும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். முப்பது வருஷமாக நான் பயந்தது பாட்டிலுக்கு அல்ல, இந்த ஆசை என்னிடமும் இருக்குமோ என்பதற்குத்தான். இருந்தது. கிளாஸைக் கீழே வைத்தேன். கை கொஞ்சம் நடுங்கிற்று. தம்பி மிச்சத்தைச் சர்வ சாதாரணமாகக் குடித்து முடித்துவிட்டு, "என்ன அண்ணா, பிடிக்கலையா?" என்றான். அந்தச் சாதாரணம் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள் ஓய்வு. ஆற்றோரமாகவே போகும் பழைய டிராமில் ஏறி, நதி கடலில் கலக்கும் ஃபோஸுக்குப் போனோம். கலங்கரை விளக்கத்தடியில் அலை மோதி மோதிச் சிதறிற்று. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அப்பாவை இங்கே கூட்டியாந்திருந்தா, அந்தப் பீப்பாய் நாப்பது வருஷம் தாங்கியிருக்கும்னு நினைக்கிறே?" என்று திடீரென்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவை வைத்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அப்பா எப்படிம்மா இருப்பாரு?" என்றான்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். ஆறு மணிக்கு முந்திய அப்பாவிலிருந்து ஆரம்பித்தாள். மண்டியிலிருந்து வரும்போது அவர் மடியில் பொரிகடலை கட்டிக்கொண்டு வருவாராம். எனக்கே அது ஞாபகமில்லை. திரும்பிப் போகிற டிராம் வந்து நின்றது. மணி அடித்துவிட்டுப் போயிற்று. நாங்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம்.