கூலியாக வந்து சேரும் செய்தி

திருச்சி கே.கே. நகர் என்றால் பலருக்கும் உழவர் சந்தையும், ஓய்வூதியக்காரர்கள் கட்டிக் குடியேறிய மாடி வீடுகளும்தான் நினைவுக்கு வரும். அந்த வீடுகளைத் தாண்டி ஓலையூர்ச் சாலை பிடிக்கிற பக்கம், ஒரு சந்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் காலையிலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் இடம் அது. நான் போனபோது நாலு பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கல் போய்விடும்.

உளுந்தைவிடச் சிறிய கல்லை அரக்கு வைத்துக் குச்சி முனையில் ஒட்டுகிறார்கள். சூட்டில் அரக்கு இளகியிருக்கும் ஒரு நொடிக்குள் கல்லை நேராக நிறுத்திவிட வேண்டும். பிறகு சுழலும் தட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பட்டையாகத் தேய்க்கிறார்கள். மேல்பக்கம் முடிந்ததும் கழற்றித் தலைகீழாக ஒட்டி அடிப்பக்கம். முழு வட்டக் கல்லுக்கு மேலே 33, கீழே 24, ஆக 57 பட்டை. கோணம் பிசகினால் உள்ளே போன ஒளி மேலே திரும்பாமல் அடிவழியே ஒழுகிவிடும்; எவ்வளவு மெருகேற்றினாலும் கல் செத்துத்தான் கிடக்கும். அங்கிருந்த அக்கா ஒருவர் கோணத்தைப் பார்ப்பதே இல்லை. தட்டில் கல் உரசும் சத்தத்தைக் கேட்டே விரலை மாற்றினார்.

“எத்தனை வருசமாக்கா?” என்றேன்.

“பாவாடை சட்டை போட்ட காலத்துலருந்து” என்றார், கண்ணைத் தூக்காமல்.

அந்த ஒரு பதிலில் இந்தத் தொழிலின் ஒரு கட்டமே அடங்கியிருக்கிறது. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் இது வீட்டுத் தொழிலாகப் பரவிய நாட்களில், முன்பணம் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சக்கரத்தில் உட்கார்ந்தார்கள். இந்தியாவின் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி 1996-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் செயற்கைக் கற்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அப்புறம் சோதனைகள் வந்தன, சட்டம் இறுகியது. 2016-இல் வந்த திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் கூலி வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. நல்லதுதான் நடந்தது. ஆனால் மலிவான சிறு கைகளை நம்பி விலை போட்டுப் பழகிய வியாபாரம், அந்தக் கைகள் போன பிறகு வேறு எதைச் சொல்லி விற்பது என்று யோசிக்கவே இல்லை என்பது என் எண்ணம்.

கல்லின் கதை திருச்சிக்கு வெகு தூரத்தில் தொடங்குகிறது. பொடியைச் சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னாய் 1902-இல் அறிவித்தார். அந்த வகைச் சிவப்பும் நீலமும் நம் ஊர் தோட்டிலும் மூக்குத்தியிலும் ஏறின. வெள்ளைக் கல்லில் பெரிய திருப்பம் 1970-களில் வந்தது. மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் ஆய்வகத்தில் க்யூபிக் சிர்கோனியாவை வளர்க்கும் வழி பிடிபட்டு, 1976 வாக்கில் அது சந்தைக்கு வந்தது. பார்வைக்கு வைரம், ஆனால் அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மாஸ்கோவில் பிறந்த இந்தக் கல்லை நம் கடைவீதி ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று விற்றது! விளம்பர நிறுவனம் எதையும் அமர்த்தாமலேயே, எந்தச் சரக்குக்கு எந்த ஊர்ப் பெயர் எடுபடும் என்று வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. பட்டறையில் இன்றும் அது ‘ஏ.டி. கல்’தான்.

பிறகு சீனா. குவாங்சி தன்னாட்சிப் பகுதியின் வூச்சோ நகரத்தில் 1980-களில் ஹாங்காங் வியாபாரிகள் மூலம் தொடங்கிய பட்டை தீட்டும் வேலை, இயந்திரங்களுக்கு மாறி, உலகத்தின் செயற்கைக் கல் தலைநகரம் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. ஒன்றேகால் மில்லிமீட்டர் என்றால் பொட்டலத்திலுள்ள ஆயிரம் கல்லும் ஒன்றேகால் மில்லிமீட்டர். திருச்சிக் கையால் அது ஆகாது. கைக்கல்லில் மயிரிழை ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

அந்த ஏற்ற இறக்கம் ஒரு காலத்தில் குறையாகத் தெரியவில்லை. ஆசாரி கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, அதற்கேற்பக் குழி வெட்டிப் பதிப்பார். நகையை அச்சில் வார்த்து, நூற்றுக்கணக்கில் ஒரே அளவுக் குழியோடு செய்யத் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. குழிக்குள் உட்காராத கல் கழிவு. பட்டறைக்காரர்கள் சீனாவைத் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர்களைத் தோற்கடித்ததில் நகை வார்க்கும் அச்சுக்கும் சரிபாதிப் பங்குண்டு. அது நம் ஊர் நகைப் பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

நிர்வாகவியல் மாணவர்களுக்கு வெளிச்சூழல் என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம் என்று கட்டம் கட்டிப் படித்து, அதற்கேற்ப விற்பனை உத்தியை அமைக்கச் சொல்வார்கள். ஓலையூர்ச் சாலைப் பட்டறையில் அந்தக் கட்டங்கள் எல்லாமே ஒரே ரூபத்தில்தான் வருகின்றன: கூலி. டாலர் ஏறினால், பட்டை தீட்டாத ரஃப் கல்லுக்கு விலை கூடியது என்று சொல்லிக் கூலியைப் பிடிக்கிறார்கள். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளின் பாதி நேரம் மின்சாரம் இல்லாதபோது சக்கரம் நின்றது. எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு நின்ற சக்கரத்துக்குப் பணம் கிடையாது. 2020-இல் ஊரடங்கு கல்யாணங்களை நிறுத்தியபோது வேலையே வரவில்லை. ஏன் குறைந்தது, எது தற்காலிகம், எது இனித் திரும்பாது என்ற செய்தி மட்டும் நகை வியாபாரிகளின் பெரிய கடைவீதியிலேயே தங்கிவிடுகிறது.

அந்தக் கடைவீதி வியாபாரி ஒருவரிடமும் பேசினேன். தாராளமாகப் பேசினார்.

“பவுன் 2020-ல நாப்பதாயிரத்தத் தாண்டுனப்பவே ஜனங்க கல்லு வச்ச நகைய ஒதுக்க ஆரம்பிச்சிட்டாங்க சார். 2025 அக்டோபர்ல தொண்ணூறாயிரத்தத் தாண்டிருச்சு. கல்லோட எடைக்கும் சேத்துத் தங்கத்து விலை போடுறாங்களோன்னு பயம். திருப்பி விக்கப் போனா கல்லுக்குக் காசு கெடையாது. யாரு வாங்குவா?”

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 2021 ஜூனில் கட்டாயமாகத் தொடங்கிய ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்குத்தான் பொறுப்பேற்கிறது; அதில் பதித்த கல்லைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. தங்கத்திலிருந்து விலகிய கல், ஒரு கிராம் தங்க நகைக்கும் முலாம் பூசிய வெள்ளிக்கும் போனது. அங்கே காத்திருந்தது சீனாவின் பொட்டலக் கல். மேலிருந்து இன்னோர் இடி, ஆய்வகத்தில் வளர்த்த வைரம். 2023 மத்திய பட்ஜெட் அதன் விதைக் கல்லுக்கான இறக்குமதி வரியை நீக்கியது, சென்னை ஐ.ஐ.டி.க்கு 242 கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியும் ஒதுக்கப்பட்டது. அது போலி அல்ல, வேதியியல்படி வைரமேதான். ஸ்ரீரங்கத்து மாமி எட்டுக்கல் பேசரிக்கு வைரம் வாங்க முடியாமல் ஏ.டி. கல்லோடு சமாதானம் செய்துகொண்ட காலம் போய், நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவே ஒரு பட்டறை மட்டும் வேலையில்லை என்று சொல்லவில்லை. கே.கே. நகருக்குள்ளேயே, வீட்டு முன்னறையில் அப்பாவும் மகளும் நடத்துவது. பொட்டலக் கல்லின் விலையோடு மோதுவதை அவர்கள் விட்டுவிட்டார்கள். பாட்டி காலத்து அட்டிகையில் விழுந்துபோன ஒற்றைக் கல், பரதநாட்டிய நெற்றிச்சுட்டிக்கு வேண்டிய பழைய பாணிச் சிவப்பு, உற்சவர் நகையின் சரிவகத் துண்டு என்று எந்த இயந்திரமும் ஒன்றே ஒன்றுக்காக ஓடாத வேலையை எடுக்கிறார்கள். மகள் வாட்ஸ்அப்பில் படம் வாங்கி, பக்கத்தில் அளவுகோல் வைத்து மறுபடி எடுக்கச் சொல்லி, விலை சொல்லிவிட்டுத்தான் அப்பாவிடம் தருகிறார். தன் கல் யாருடைய கழுத்துக்குப் போகிறது என்று அந்த அப்பாவுக்குத் தெரியும். நான் பார்த்த மற்ற பட்டறைகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

“எல்லாரும் இதுக்கு வந்துட்டா?” என்று கேட்டேன்.

“வரட்டும் சார். விழுந்த கல்லு ஊர்ல நிறைய கெடக்கு. எங்க கொண்டுபோய்க் கொடுக்கறதுன்னுதான் ஜனங்களுக்குத் தெரியல” என்றார் அந்த அப்பா.

இந்தச் சிறு வேலை ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தாங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. மொத்தச் சந்தை போனது போனதுதான். ஆனால் ரஃப்பைக் கொடுத்து எண்ணி வாங்கும் தரகரைத் தவிர வேறு முகமே பார்க்காத தொழிலாளிக்கு வாங்குபவரின் முகத்தைக் காட்டும் வேலையை யாரும் செய்யவில்லை. மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. பொட்டலத்திலேயே ஊர்ப் பெயரைப் போட்டு விற்கலாம். கல்லோ நகையில் பதிந்த நிமிடமே ஊரை இழந்துவிடுகிறது. அதற்கு ஊர்ப் பெயரைத் திருப்பிக் கொடுக்க வாங்குகிறவரால்தான் முடியும். அடுத்த முறை கல் வைத்த நகை வாங்கும்போது, ரசீதில் தங்கத்தின் எடையைத் தனியாகவும், கல் என்ன வகை, எவ்வளவு எடை என்பதைத் தனியாகவும் எழுதச் சொல்லுங்கள். எங்கே தீட்டிய கல் என்றும் கேளுங்கள். பெட்டிக்குள் ஒரு கல் விழுந்த தோடு கிடந்தால், அதை அழித்துப் புதிதாகச் செய்யக் கொடுக்கும் முன் ஒரு பட்டறையைத் தேடிப் பாருங்கள்.