கருவி எழுதும் கணக்கு

ஒரு பணியாளனை நோக்கி, 'இப்பொழுது யாவும் நலமா?' என்று வினவுதல் வேறு. 'சென்றமுறை கேட்டபின் இதுகாறும் ஏதேனும் நேர்ந்ததா?' என்று வினவுதல் வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்து விடையிறுப்பதில் நம் பௌதிக ஆய்வுச்சாலையின் மின்னளவைக் கருவிகள் மக்களினும் திறமையுடையன என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அஃது உண்மையே.

கணினியின் ஆணைப்படி இயங்கும் இக்கருவிகளை ஒரு கம்பி வழியில் இணைக்கும் முறையை, ஐ.இ.இ.இ. 488 என்னும் விதி 1975-ஆம் ஆண்டில் வரையறுத்தது. 1987-இல் வெளிவந்த 488.2 என்னும் விதி, கருவி தன் நிலையை எவ்வாறு அறிவித்தல் வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தியது. 1990-இல் தோன்றிய ஸ்கிப்பி என்னும் ஆணைமொழி அதனை மேலும் விரித்தது.

அறிவிப்புக்கு உரிய இடம் ரிஜிஸ்டர் எனப்படும். அது நம் வகுப்பு வருகைப் பதிவேடு போன்றதே. அதன் ஒவ்வொரு பிட்டும் ஒரு செய்திக்கு உரியது; உண்டு எனில் ஒன்று, இல்லை எனில் சுழி. பிட்டுகளின் மதிப்பு 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லுதலின், விடையாக வரும் ஓர் எண்ணைப் பிரித்தே யாவற்றையும் அறியலாம். பொது நிகழ்ச்சி ரிஜிஸ்டர் 48 என்று விடை தருமாயின், அது 32-உம் 16-உம் கூடியது. 32 என்பது, 'ஆணை விளங்கவில்லை' என்பதாம். 16 என்பது, 'விளங்கிற்று, ஆயினும் செய்தற்கு இயலாது' என்பதாம். வகுப்பில் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் மாணவர் மிகச் சிலரே!

இனி, நிலை ரிஜிஸ்டர் இக்கணத்து நிலையை மட்டுமே காட்டும். குறை நீங்கியவுடன் அதன் பிட்டும் சுழியாகும். நிகழ்ச்சி ரிஜிஸ்டரோ, தோன்றி மறைந்த குறையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வினவியபின்னரே அதனைத் துடைத்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவரின் ஆய்வுரைக்காக, மின்தடை அளவை ஒன்றை இரவு முழுதும் நடத்தினோம். ஆய்வுரையை ஒப்புவிக்க ஒரு வாரமே எஞ்சியிருந்தது. காலையில் மின்வழங்கு கருவியின் முகப்பில் வோல்ட்டளவு சரியாக நின்றது. நிலை ரிஜிஸ்டரும் சுழி என்றது. மாணவர் முகம் மலர்ந்தார். பின்னர், ஐயப்பாட்டுக்குரிய நிகழ்ச்சி ரிஜிஸ்டரை வினவினோம், 1 என்றது. இரவில் எப்பொழுதோ வோல்ட்டளவு நம்பத்தகாததாய் இருந்தது என்பது அதன் பொருள். எப்பொழுது, எத்துணை நேரம் என்பனவற்றை அது சொல்லாது. ஆதலின் அவ்விரவின் அளவுகள் அனைத்தையும் ஒதுக்கினோம். மறுநாள் இரவு, ஒவ்வோர் அளவின் பின்னும் அவ்வினாவைக் கேட்டு, விடையை அளவின் அருகே எழுதுமாறு கணினியைப் பணித்தோம். ஐயத்திற்குரியனவாக நான்கு அளவுகளே வந்தன. ஏனையவை ஆய்வுரையில் இடம்பெற்றன.

இங்குக் கருதத்தக்கன இரண்டுள. வினவியவுடன் பதிவு அழிந்துவிடுதலின், வாசித்தவரே அதற்குச் சாட்சி. இரண்டு நிரல்கள் ஒரே ரிஜிஸ்டரை வினவுமாயின், முந்தியது செய்தியைக் கொண்டுபோகும். பிந்தியது சுழியையே காணும்.

மற்றொன்று, 'இன்னது நேர்ந்தால் எம்மை அழை' என்று இசைவு ரிஜிஸ்டர்களில் குறித்து வைக்கலாம். அது நேர்ந்தவுடன், நிலை பைட்டில் 64-க்குரிய பிட்டை உயர்த்திக் கருவி நம்மை அழைக்கும். குறியாது விட்டவற்றையும் அது பதிந்தே வைக்கும். அழைத்து மட்டும் சொல்லாது. அம்மௌனத்தை நலம் என்று கொள்ளலாகாது.

ஆதலின், ஆய்வுச்சாலைக்குப் புதிதாக வரும் மாணவர்காள், முகப்பில் தோன்றும் எண்ணைக் குறித்த அளவில் அமையாது, நிகழ்ச்சி ரிஜிஸ்டரையும் வினவி, அதன் விடையையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். விடை சுழியாயினும் எழுதுங்கள்.